பிரியாத நாட்டை விட்டு ஓடினோம்

என் மகனுக்கு,

நாளை மறுநாள் உனக்கு ஒரு வயது. பெரியப்பா வீட்டு நிலக்கீழ் அறையின் மூலையில் இருக்கும் சவர்க்காரப் பெட்டியைப் பிடித்துக்கொண்டு நீ எழுந்து நிற்கப் பழகுகிறாய். இரண்டு அடி வைக்கிறாய், விழுகிறாய், உடனே என் முகத்தைப் பார்க்கிறாய். நான் பதறினால் அழுகிறாய். பதறாவிட்டால் மறுபடியும் பெட்டியைப் பிடிக்கிறாய். வரும் சனிக்கிழமை உன்னையும் தூக்கிக்கொண்டு நாங்கள் மொன்றியலுக்குத் திரும்பிப் போகிறோம். போவதற்கு முன் இதை எழுதி உன் பிறப்புச் சான்றிதழோடு வைத்துவிட வேண்டும் என்று இருக்கிறேன். உனக்கு வாக்களிக்கும் வயது வரும்போதுதான் கையில் தருவேன். அந்தச் சான்றிதழில் ரொறன்ரோ என்று இருக்கும், நீ வளர்ந்ததோ மொன்றியலாக இருக்கும். ஏன் என்று கேட்டால் அப்பா சிரித்து மழுப்புவார். பெரியப்பா தன்னில் பிழையில்லாத ஒரு கதை சொல்லுவார். எனக்கு நாலு பேருக்கு முன்னால் கதை சொல்ல வராது. அதனால் எழுதுகிறேன். இதில் என்னுடைய பிழையும் ஒன்று இருக்கிறது. அதை எழுத்தில்தான் ஒழுங்காகச் சொல்ல முடியும்.

நான் பதினாறு வயதில் என் அண்ணாவோடு மொன்றியலுக்கு வந்தேன். ஊரில் பத்தாம் வகுப்போடு படிப்பு நின்றிருந்தது. இங்கே வந்து என்னைவிடச் சின்னப் பிள்ளைகளோடு பிரெஞ்சு வகுப்பில் இருக்க வெட்கப்பட்டு, ஒரு குளிர்காலம் முடிவதற்குள் நானாகவே நின்றுவிட்டேன். அது யாரும் செய்ததல்ல, நானே எனக்குச் செய்தது. பதினெட்டில் உன் அப்பாவைக் கட்டினேன். அவர் குளிர்கால ஜக்கெற் செய்யும் தொழிற்சாலையில் துணி வெட்டுகிறவர். நாற்பது தட்டுத் துணியை ஒன்றன்மேல் ஒன்றாக விரித்து, மெஷினால் ஒரே வெட்டில் கைகளையும் கழுத்தையும் பிரித்தெடுப்பார். தையல்காரர் நிறையப் பேர் கிடைப்பார்கள், நல்ல வெட்டுக்காரர் கிடைப்பது கஷ்டம். அவருக்கு அந்தத் தொழிலில் ஒரு பெருமை இருந்தது. அரசாங்கம் நடத்தும் இலவசப் பிரெஞ்சு வகுப்புக்கு என்னை அனுப்பியவரும் அவர்தான். "வீட்டில இருந்து யன்னலால பாக்கிறதை அங்க போயிருந்து பாருமன்" என்றார். போனேன். ஆறு மாதம் யன்னலைத்தான் பார்த்தேன். ஆனால் காது கேட்டுக்கொண்டிருந்தது.

அந்த வருடம், தொண்ணூற்றைந்தில்தான், மொன்றியல் இருக்கும் பிரெஞ்சு மாகாணமான கியூபெக் கனடாவை விட்டுப் பிரிந்து போவதா இல்லையா என்று வாக்கெடுப்பு வைத்தார்கள். விளக்குக் கம்பம் ஒவ்வொன்றிலும் பிரிவோம் என்பதற்கு "ஓம்" என்று ஒரு மட்டை, "இல்லை" என்று ஒரு மட்டை. எங்களுக்குக் குடியுரிமை இல்லை, அதனால் வாக்கும் இல்லை. ஆனால் அது எங்கள் வீட்டுக்குள் முதலில் வந்தது வேலையின் வழியாக. பக்கத்து மாகாணமான ஒன்ராறியோவில் இருக்கும் கடைகள், வாக்கெடுப்பு முடியட்டும் பார்ப்போம் என்று ஜக்கெற் ஓடர்களை நிறுத்தி வைத்தன. நாளைக்கு அந்த ஜக்கெற் எந்தக் காசில் விற்கும், எல்லையில் வரி இருக்குமா என்று அவர்களுக்கும் தெரியவில்லை. அப்பாவுக்கு வாரத்தில் ஐந்து நாள் இருந்த வேலை மூன்று நாள் ஆனது. எங்கள் மாடிக் கட்டடத்தில் ஒவ்வொரு தட்டிலும் வாடகைக்கு என்ற மட்டை தொங்கியது. எதிர்வீட்டு ஆங்கிலக் கிழவர் நாற்பது வருடம் இருந்த வீட்டை விட்டுவிட்டு ஒன்ராறியோவில் இருக்கும் மகளிடம் போனார். ஒரு நாடு பிரியும் முன்பே, பிரியலாம் என்ற பேச்சிலேயே, மனிதர் இவ்வளவு அசைந்துவிடுகிறார்கள். அதை நான் அப்போதுதான் கண்டேன்.

ரொறன்ரோவை ஒட்டிய ஸ்காபரோவிலிருந்து பெரியப்பா ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் தொலைபேசி எடுப்பார். உன் அப்பாவைப் பிள்ளை மாதிரி வளர்த்தவர், இரண்டு வேலை செய்து அவரைக் கனடாவுக்குக் கூப்பிட்டவர். போரில் பொருளாதாரத் தடை போட்ட காலத்தில் யாழ்ப்பாணத்தில் இருந்தவர். மண்ணெண்ணெய் இல்லை, பற்றரி இல்லை, சவர்க்காரம் இல்லை என்று இருந்த நாட்களை அவர் மறக்கவில்லை. அவருக்கு ஒரு நாடு பிரிவதென்றால் முதலில் மறைவது சவர்க்காரம்தான்.

"டேய் தம்பி, சவுக்காரம் வாங்கி வைச்சிட்டியோ?"

"எதுக்கண்ணை?"

"எதுக்கோ? பாதை பூட்டினாப்பிறகு கேப்பாய் எதுக்கெண்டு. பற்றரியும் எடு. நெருப்புப்பெட்டியும் எடு. பிள்ளைத்தாச்சியை வைச்சுக்கொண்டு உங்க என்ன செய்யிறாய்? இஞ்ச வந்திடு. பிள்ளை கனடாவில பிறக்கோணும். நாளைக்கு உவங்கள் தனி நாடெண்டால் அதுக்கு ஆர் பாஸ்போட் குடுக்கிறது?"

அப்பா தொலைபேசியைப் பொத்திக்கொண்டு என்னைப் பார்த்துச் சிரிப்பார். பிறகு அவரே சீண்டுவார். "அண்ணை, ஊரில பிரியோணுமெண்டு நிக்கிறியள். இஞ்ச பிரியக்கூடாதெண்டு நிக்கிறியள்."

"அது வேற, இது வேற."

"என்ன வேற?"

பெரியப்பாவின் குரல் உயரும். "அங்க நாங்கள் கேக்கிறம். இஞ்ச உவங்கள் கேக்கிறாங்கள்."

நாங்கள் விழுந்து விழுந்து சிரித்தோம். ஆனால் வேலை இரண்டு நாள் ஆனபோது அப்பாவின் சிரிப்பு குறைந்தது. நீ வயிற்றில் எட்டு மாதம். ஒரு நாள் அவரும் கடைக்குப் போய்ப் பெரிய பெட்டி நிறையச் சவர்க்காரத்தோடு வந்து நின்றார். அப்போதே நான் விளங்கிக்கொண்டேன், நாங்கள் போகப்போகிறோம் என்று.

இனி என் பிழை. அந்த வாரம் வகுப்பு முடிந்ததும் எல்லாரும் போகும்வரை நின்றேன். அதற்கு எனக்கு மூன்று நாள் தைரியம் சேர்க்க வேண்டியிருந்தது. முதல் இரண்டு நாளும் கோட்டைப் போட்டுக்கொண்டு வெளியே வந்துவிட்டேன். மூன்றாம் நாள் ஆசிரியையிடம் உடைந்த பிரெஞ்சில் கேட்டேன், என் பிள்ளை எந்த நாட்டில் பிறக்கும் என்று. அவர் "ஓம்" என்று வாக்களிக்கப் போகிறவர். அதை அவர் மறைத்ததில்லை. கதிரையை இழுத்து எனக்கு முன்னால் போட்டு இருந்தார். வாக்கெடுப்புக்கு அடுத்த நாள் காலை நாடு மாறாது, ஒரு வருடமாவது பேசுவார்கள், அதுவரை இங்கே பிறக்கும் பிள்ளை கனடாப் பிள்ளைதான் என்றார். காசு என்ன ஆகும், கடவுச்சீட்டு என்ன ஆகும் என்று கேட்டேன். "அது எனக்குத் தெரியாது. எங்கள் தலைவர்களுக்கும் தெரியாது என்றுதான் நினைக்கிறேன்" என்றார். ஓம் என்று வாக்களிக்கும் ஒருவர் தெரியாது என்று சொன்னது எனக்குப் பெரிய மரியாதையாக இருந்தது. ஸ்காபரோவுக்குப் போகும் பேச்சையும் சொன்னேன். கடைசியாக அவர் என் வயிற்றைக் காட்டி, இந்த நிலையில் ஒன்ராறியோவுக்கு மட்டும் போகாதே என்றார். அங்கே பல வைத்தியர்கள் கியூபெக் தரும் இலவச வைத்திய அட்டையை எடுக்க மாட்டார்கள், முதலில் நீ கைக்காசைக் கட்ட வேண்டும், பிறகு படிவம் அனுப்பித் திரும்ப வாங்க வேண்டும், ஒன்ராறியோ அட்டை கிடைக்க மூன்று மாதமாகும் என்றார்.

இவ்வளவும் எனக்குத் தெரிந்திருந்தது. வீட்டுக்கு வந்தேன். அப்பா பெட்டி கட்டிக்கொண்டிருந்தார். நான் ஒரு வார்த்தை சொல்லவில்லை.

ஏன் சொல்லவில்லை என்று இந்த ஒரு வருடமாக யோசிக்கிறேன். வெட்கம் என்று சொன்னால் பாதி உண்மைதான். வீட்டு விஷயத்தை வெள்ளைக்காரியிடம் கேட்டேன் என்று பேச்சு வரும் என்று பயந்தேன். பெரியப்பா சொல்லுக்கு எதிர்ச்சொல் வைக்க நான் யார் என்று நினைத்தேன். இன்னொன்றும் இருந்தது. பிள்ளை பெறும்போது பக்கத்தில் தமிழில் பேச ஒரு பெண் வேண்டும் என்று எனக்கு ஏக்கம். ஸ்காபரோவில் உன் பெரியம்மா இருக்கிறா என்ற நினைப்பு இனித்தது. எனக்கு வேண்டியதை வாய் திறந்து கேளாமல், மற்றவர்களின் பயத்துக்குள் அதை ஒளித்து எடுத்துக்கொண்டேன். அதற்கான விலையை உன் அப்பா கொடுத்தார். அவர் தொழிற்சாலையில் வேலையை விட்டார். அவருடைய வெட்டு மேசைக்கு அடுத்த வாரமே வேறொருவர் வந்துவிட்டார்.

பெரியப்பா எங்களை ஏற்ற வான் வண்டி கொண்டுவந்தார். வழியில் இரு மாகாணங்களும் தொடும் இடத்தில் வேகத்தைக் குறைத்தார். "வடிவாப் பாத்து வையுங்கோ. நாளைக்கு இதுதான் செக்பொயின்ற்." பார்த்தேன். ஒரு வயல், அதில் சில மாடுகள், ஒன்ராறியோ வரவேற்கிறது என்று ஒரு பலகை. காவலுக்கு யாரும் இல்லை. ஊரில் எத்தனையோ காவல் தாண்டி வந்தவர்கள் நாங்கள். யாரும் மறிக்காத ஒரு கோட்டைத் தாண்டும்போது மூன்று பேரும் மூச்சைப் பிடித்துக்கொண்டிருந்தோம்.

உண்மையான எல்லை வேறு இடத்தில் இருந்தது. ஸ்காபரோவில் ஒரு வைத்தியரின் முன்மேசையில். அங்கே இருந்த பெண் என் அட்டையை ஓரத்தில் பிடித்துத் திருப்பிப் பார்த்துவிட்டுத் திருப்பித் தந்தாள். இது இங்கே செல்லாது என்றாள். பெரியப்பாவுக்குக் கோபம். "என்ன செல்லாது? இன்னும் பிரியேல்லையே! ஒரே நாடுதானே!" என்று தமிழில் அவளிடமே கத்தினார். அடுத்த இடத்திலும் அதுதான். மூன்றாவது இடத்தில் ஒரு வைத்தியர், முன்பணம் கட்டினால் பார்ப்பதாகச் சொன்னார். பெரியப்பா தன் கடன் அட்டையைக் கொடுத்தார். கொடுக்கும்போது என்னைப் பார்த்து, "நீ யோசியாதை பிள்ளை" என்றார். நான் நிலத்தைப் பார்த்தேன். ஆசிரியை சொன்ன ஒவ்வொரு வசனமும் என் தலைக்குள் ஓடிக்கொண்டிருந்தது.

வாக்கெடுப்பு நாள் பின்னேரம் எல்லாரும் தொலைக்காட்சிக்கு முன்னால் இருந்தோம். வாக்குகளைக் காட்டும் கோடு ஒன்று இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் அசைந்தபடி இருந்தது. நடுவில் கொழும்பிலிருந்து ஒரு அழைப்பு வந்தது. ஆமி நெருங்கிவிட்டதால் யாழ்ப்பாணத்தில் சனம் முழுக்க வீடுகளை விட்டு, மழையில், செம்மணி வீதியால் நடந்துகொண்டிருக்கிறார்கள் என்றார்கள். அந்தச் சனத்துக்குள் என் அம்மாவும் இருந்தா. பெரியப்பா எழுந்துபோய்த் தொலைக்காட்சியின் சத்தத்தைக் குறைத்தார். கோடு மட்டும் சத்தமில்லாமல் அசைந்தது. மயிரிழையில் "இல்லை" வென்றது. அதைப் பார்த்து யாரும் கைதட்டவில்லை. அம்மா கொடிகாமத்தில் பத்திரமாக இருக்கிறா என்று கடிதம் வர ஏழு வாரம் ஆனது. இதை ஏன் எழுதுகிறேன் என்றால், பெரியப்பாவின் சவர்க்காரத்தை நினைத்து நீ சிரிக்கும்போது இதையும் நினைக்க வேண்டும். அவருடைய பயம் மடத்தனமல்ல. அது வேறொரு இடத்துக்குச் சரியான பயம். அதை அப்படியே கட்டித் தூக்கிக்கொண்டு இங்கே வந்ததுதான் பிழை.

ஒன்பது நாள் கழித்து நீ பிறந்தாய். நாடு அப்படியே இருந்தது. நாங்கள்தான் இடம் மாறியிருந்தோம். உன் அப்பா ஒரு சாப்பாட்டுக்கடையில் கோப்பை கழுவினார். நாற்பது தட்டுத் துணியை ஒரு நூல் பிசகாமல் வெட்டிய கை சவர்க்காரத் தண்ணீரில் வெடித்துப்போனது. மொன்றியலில் ஓடர்கள் திரும்பி வந்துவிட்டன, ஐந்து நாளும் வேலை நடக்கிறது என்று பழைய கூட்டாளி ஒருவர் சொன்னார். அதைக் கேட்டுவிட்டு உன் அப்பா அடுத்த நாளும் கோப்பை கழுவப் போனார்.

உனக்கு இரண்டு மாதமானபோது அந்தப் படிவம் வந்தது. வைத்தியருக்குக் கட்டியதைக் கியூபெக்கிடம் திரும்பக் கேட்கும் படிவம். முழுக்கப் பிரெஞ்சு. பெரியப்பா அதைக் குசினி மேசையில் விரித்து, கண்ணாடியைப் போட்டு, கழற்றி, திரும்பப் போட்டார். "உது சரிவராது. கட்டினது கட்டினதுதான். உவங்கள் தரமாட்டாங்கள்." பெரியம்மா, "தெரிஞ்ச ஆக்களிட்டக் குடுத்துக் கேப்பம்" என்றா. நான் உன்னை அவவின் மடியில் வைத்துவிட்டு, பேனையை எடுத்து எழுதத் தொடங்கினேன். இரண்டு இடம் விளங்கவில்லை. சுவரில் இருந்த தொலைபேசியை எடுத்து, படிவத்தில் இருந்த இலக்கத்துக்கு அழைத்து, பிரெஞ்சில் கேட்டேன். மறுபக்கத்தில் இருந்த பெண் பொறுமையாகச் சொன்னாள், பிள்ளைக்கு வாழ்த்தும் சொன்னாள். வைத்துவிட்டுத் திரும்பினேன்.

"எடி பிள்ளை," என்றார் பெரியப்பா, "உனக்கு உவ்வளவு கதைக்கத் தெரியுமே?"

அப்போதுதான் பெரியப்பாவிடம் சொன்னேன். "அண்ணா, இப்பிடி நடக்குமெண்டு எனக்கு முதலே தெரியும். ரீச்சர் சொன்னவ. அட்டை செல்லாதெண்டும் சொன்னவ. அங்க பிறந்தாலும் பிள்ளை கனடாப் பிள்ளைதானெண்டும் சொன்னவ."

"பிறகேன் சொல்லேல்லை?"

"நீங்கள் ஆரும் என்னைக் கேக்கேல்லை. நானும் சொல்லேல்லை."

மேசையில் இருந்த உன் அப்பா எழுந்து வெளியே போனார். இரண்டு நாள் என்னோடு பேசவில்லை. மூன்றாம் நாள் கையில் மருந்து பூசிக்கொண்டே, என்னைப் பார்க்காமல், "இனி ஒண்டு தெரிஞ்சால் சொல்லும். நான் கத்தினாலும் சொல்லும்" என்றார். எனக்குக் கிடைத்த தண்டனை அவ்வளவுதான். அந்தச் சொல்லை நான் இன்றுவரை காப்பாற்றி வருகிறேன்.

காசு வந்தது. முழுவதும் இல்லை, தங்கள் விலைக் கணக்குப்படி தந்தார்கள், ஆனால் பெரும்பகுதி வந்தது. நீ கியூபெக்கில் பிறந்துவிடக்கூடாது என்று நாங்கள் ஓடி வந்தோம். உன் பிறப்புக்குப் பணம் கட்டியது அந்த இடம்தான். இதை நீ மறக்கக்கூடாது.

போன மாதம் அப்பாவின் பழைய மேற்பார்வையாளர் அழைத்தார். மேசை காலியாக இருக்கிறது, வருகிறாயா என்று. அப்பாவின் முகத்தில் ஆசை தெரிந்தது, பின்னால் பயமும் தெரிந்தது. அன்று சாப்பாட்டு மேசையில் பெரியப்பா கரண்டியைக் கீழே வைத்தார்.

"விசரே உங்களுக்கு? இந்த முறை மயிரிழையில தப்பினது. அடுத்த முறை அவங்கள் வெல்லுவாங்கள். இஞ்ச சனம் மார்க்கம், அஜக்ஸ் எண்டு புது ஊர்களில வீடு வாங்கப் பாக்குது. நீங்கள் பின்பக்கமா ஓடுறியளோ?"

அப்பா தலை குனிந்தார். நான் சொன்னேன். என் குரல் எனக்கே புதிதாக இருந்தது. "அண்ணா, அடுத்த முறை வந்தால் வரட்டும். அவை என்ன கேக்கினமெண்டு எனக்கு வாசிச்சால் விளங்கும். விளங்காட்டி ஆரிட்டக் கேக்கிறதெண்டும் தெரியும். அங்க இவருக்குக் கைத்தொழில் இருக்கு. வாடகை மலிவு. நான் திரும்ப வகுப்புக்குப் போகப்போறன். படிச்சு முடிச்சு, ஆஸ்பத்திரி முன்மேசையில இருக்கப்போறன். அட்டையோட வாற ஆக்களைத் திருப்பி அனுப்பாமல் வழி சொல்ல."

பெரியம்மா, "அப்பிடிச் சொல்லடி" என்று என் தட்டில் இன்னொரு இடியப்பம் வைத்தா. பெரியப்பா கீழே வைத்த கரண்டியைத் திரும்ப எடுத்தார். பிறகு, "வானை நான்தான் ஓட்டுவன்" என்றார்.

மகனே, நீ வளர்ந்த இடத்தில் என்றாவது மறுபடியும் அந்தக் கேள்வியைக் கேட்கக்கூடும். அப்போது உன்னிடம் எங்களுக்கு இல்லாத ஒன்று இருக்கும், வாக்கு. ஓம் என்றோ இல்லை என்றோ போடச் சொல்ல மாட்டேன். தங்களுக்கென ஒரு நாடு வேண்டும் என்று ஒரு சனம் கேட்பதைப் பார்த்து நாங்கள் சிரிக்க முடியாது. ஆனால் கொடியைப் பற்றிப் பேசுகிறவர்களிடம், அடுத்த நாள் காலையைப் பற்றிக் கேள். துணி வெட்டுகிறவனுக்கு எத்தனை நாள் வேலை, பிள்ளைத்தாச்சியின் அட்டை எந்த மேசையில் செல்லும், கிழவருக்கு ஓய்வூதியம் யார் அனுப்புவது என்று கேள். தெரியாது என்று சொல்கிறவரை மதி. எல்லாம் தெரியும் என்று சொல்கிறவரிடம் இரண்டாம் தரமும் கேள். உனக்கு ஏதாவது தெரிந்திருந்தால், உன் குரல் எவ்வளவு சின்னதாக இருந்தாலும், பெட்டி கட்டும் முன் சொல்லிவிடு. பயந்தவர்களைப் பழிக்காதே. அவர்களுடைய பயத்தை உன் முடிவாக எடுக்காதே. உன் பெண்சாதி பேசாமல் இருந்தால், சம்மதம் என்று நினைக்காமல் கேள்.

சனிக்கிழமைக்குச் சாமான் எல்லாம் கட்டியாயிற்று. பெரியப்பா இப்போது படியில் நின்று, அந்தச் சவர்க்காரப் பெட்டியையும் ஏற்றச் சொல்கிறார். "கொண்டு போ பிள்ளை. உவங்கள் எப்ப பிரியிறாங்களோ ஆருக்குத் தெரியும்." ஒரு வருடமாக உன்னைக் குளிப்பாட்டியும் அதில் பாதிதான் முடிந்திருக்கிறது. வேண்டாம் அண்ணா, அங்கேயும் கடை இருக்கு என்று சொல்லிவிட்டேன். நீ இப்போது அதைப் பிடித்தபடி நின்று என்னைப் பார்க்கிறாய். நான் பதறவில்லை. கையை விடு, நட.

உன் அம்மா